வினா வங்கி உங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டதா?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது செமஸ்டரிலேயே இளம் பேராசிரியர்கள் பலருக்கு இந்தப் பொறுப்பு வந்துவிடுகிறது. "இனி இன்டர்னல் எல்லாம் மூடுல்லதான். கொஸ்டின் பேங்க்கை நீங்க பாத்துக்குங்க சார்" என்று துறைத்தலைவர் சொல்லிவிடுவார். நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இதே வேலை வேறு பெயரில் வருகிறது. பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? பழைய கேள்விகளைத் திரட்டி, மொத்தமாக ஏற்றி, 'ஷஃபிள்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஆளுக்கொரு தாள் வந்துவிட்டது என்று நிம்மதியாகிறார்கள்.

அந்த நிம்மதிக்கு இன்னும் காலம் வரவில்லை. கேள்விகளின் வரிசையை மாற்றுவது மென்பொருளுக்கு எளிய வேலை. எந்தக் குவியலிலிருந்து எத்தனை எடுப்பது என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அங்கே கவனம் பிசகினால் ஒருவருக்கு எளிய தாளும் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கடினமான தாளும் போகும். இருவருக்குமே அது தெரியாது. மதிப்பெண் பட்டியலில் மட்டும் அது நிலைத்துவிடும்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது

மார்ட்டின் டூகியாமஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பை வெளியிட்ட மூடுல் மென்பொருள், இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகிறது. அதில் கேள்வியை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். இன்ன கேள்வி என்று நேரடியாகச் சுட்டலாம். அல்லது 'ரேண்டம் கொஸ்டின்' என்று ஓர் இடத்தைக் காலியாக வைத்து, "யூனிட் 2 கேட்டகரியிலிருந்து, இன்ன டேக் உள்ளதில் ஒன்று" என்று நிபந்தனை மட்டும் போடலாம்.

மாணவர் தேர்வைத் தொடங்கும்போதுதான் அந்தக் காலியிடங்கள் நிரம்புகின்றன. மென்பொருள் முதலில் நிபந்தனைக்குப் பொருந்தும் கேள்விகளைத் திரட்டுகிறது. அதே தாளில் ஏற்கெனவே இடம்பிடித்தவற்றை ஒதுக்குகிறது. அந்த மாணவர் இதே தேர்வை முன்பு ஒருமுறை எழுதியிருந்தால், அவர் பார்க்காத கேள்விகளுக்கு முன்னுரிமை தருகிறது. மிஞ்சியவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது. எடுத்ததும் அது தரவுத்தளத்தில் பதிவாகிவிடும். மாணவர் ரீஃப்ரெஷ் செய்தாலும், கரண்ட் போய்த் திரும்பி வந்து லாகின் செய்தாலும், அதே முயற்சியைத் தொடரும்வரை அதே தாள்தான்.

இதிலிருந்து உடனே இரண்டு விஷயம் தெரிகிறது. இரண்டு முயற்சிகள் அனுமதிக்கிறீர்கள் என்றால், குவியலில் கேட்கும் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்காவது கேள்வி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் முறையும் பழைய கேள்விகளே வரும். அடுத்தது, நீங்கள் ப்ரிவியூவில் பார்ப்பது வரக்கூடிய தாள்களில் ஒன்றை மட்டுமே. ஒருமுறை பார்த்து எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு முறை புதிதாகத் தொடங்கிப் பாருங்கள்.

குருட்டுக் குலுக்கலின் விலை

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குவியலில் 40 கேள்விகள். 20 எளியவை, 20 கடினமானவை. பிரித்து வைக்காமல் ஒவ்வொரு மாணவருக்கும் பத்தைக் குலுக்கி எடுக்கச் சொல்கிறோம். ஐந்தும் ஐந்துமாக வந்துவிடும் என்றுதான் மனம் நினைக்கும். உண்மையில் பத்தில் ஏழோ அதற்கு மேலோ கடினமான கேள்விகள் விழுவதற்கான வாய்ப்பு 13.7 விழுக்காடு. ஏழோ அதற்கு மேலோ எளிய கேள்விகள் விழுவதற்கும் அதே அளவு வாய்ப்பு. 60 பேர் வகுப்பில் ஏறக்குறைய எட்டுப் பேர் கடினத் தாளோடு மல்லுக்கட்ட, இன்னோர் எட்டுப் பேருக்கு எளிய தாள் வாய்க்கிறது. இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. கேட்டதை அது சரியாகச் செய்திருக்கிறது.

இதைச் சரிசெய்ய அதே நாற்பதை இரண்டு குவியலாகப் பிரித்தால் போதும். எளியதில் ஐந்து, கடினத்தில் ஐந்து என்று எடுக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே கலவை கிடைத்துவிடும். கேள்வி ஒன்றுகூடப் புதிதாக எழுத வேண்டியதில்லை.

ஜேஇஇ மெயின் போல ஒரே தேர்வைப் பல ஷிஃப்டுகளில் நடத்துபவர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வேறு தாள். மாணவரின் மதிப்பெண்ணை அவருடைய ஷிஃப்டில் எழுதியவர்களோடு மட்டும் ஒப்பிட்டு, ஏழு தசம இடம்வரை பர்சன்டைல் தருகிறார்கள். ஒரு ஷிஃப்டில் பல்லாயிரம் பேர் ஒரே தாளை எழுதுவதால் அது அங்கே எடுபடுகிறது. 60 பேர் வகுப்பில், அதிலும் ஆளுக்கொரு தாள் போகும் இடத்தில், அந்த வழி கிடையாது. தேர்வுக்குப் பிறகு சமன் செய்ய முடியாது என்பதால் முன்கூட்டியே சமமாகக் கொடுக்க வேண்டும்.

ஆகவே ப்ளூபிரிண்ட் முதலில், வங்கி பிறகு. ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் யூனிட், மேலே கடினநிலை. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையைப் போல் நான்கு மடங்கு கேள்வி அந்தக் கட்டத்தின் குவியலில் இருக்கட்டும் என்பது என் பரிந்துரை. மூடுலில் அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கேட்டகரி, அல்லது ஒரு டேக்.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். என்.பி.ஏ. அங்கீகாரக் கோப்புக்காகத் துறைகள் கோர்ஸ் அவுட்கமையும் கே1, கே2 என்ற ப்ளூம் நிலையையும் கவனமாகக் குறிக்கின்றன. கடினநிலையைக் காலியாக விட்டுவிடுகின்றன. கே நிலையே கடினநிலை என்று நினைப்பதால் வரும் பழக்கம் இது. இரண்டும் வேறு. பாடநூலின் ஏதோ ஒரு மூலையில் உள்ள ஆண்டைக் கேட்பது கே1தான், ஆனால் வகுப்பில் பாதிப் பேர் விழுவார்கள். பலமுறை பயிற்சி எடுத்த ஒரு கணக்கு கே3, ஆனால் எல்லாரும் போட்டுவிடுவார்கள். கடினநிலைக்குத் தனி டேக் வேண்டும். அதை எப்படி மதிப்பிடுவது? அதே பாடம் எடுக்கும் இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, "நம் வகுப்பில் நூற்றுக்கு எத்தனை பேர் இதைச் சரியாக எழுதுவார்கள்?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் போடுங்கள். இருவர் எண்ணும் வெகுவாக விலகினால் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசுங்கள். தேர்வு முடிந்ததும் மதிப்பீட்டை நீக்கிவிட்டு உண்மையான விழுக்காட்டை எழுதிவிடலாம்.

விடைத் தெரிவுகளைக் கலைக்கும்போது

விடைகளின் வரிசையைக் கலைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. கேள்வி எழுதுபவர்கள் சரியான விடையைத் தம்மையறியாமல் நடுவில் ஒளித்து வைக்கிறார்கள்; விடை தெரியாத மாணவரும் நடுவிலேயே ஊகிக்கிறார். யிகல் அட்டாலியும் மாயா பார்-ஹில்லெலும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்கள். மென்பொருள் கலைத்தால் அந்தச் சாய்வு போய்விடும். ஆனால் கலைத்தால் உடைந்துபோகும் கேள்விகள் உங்கள் வங்கியில் நிச்சயம் இருக்கும். ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம்.

டெட்லாக் ஏற்படத் தேவையான நிபந்தனை எது?
அ) மியூச்சுவல் எக்ஸ்குளூஷன்
ஆ) ஹோல்டு அண்ட் வெயிட்
இ) சர்க்குலர் வெயிட்
ஈ) மேற்கண்ட அனைத்தும்

கலைத்த பிறகு 'மேற்கண்ட அனைத்தும்' இரண்டாம் இடத்துக்கு வருகிறது என்று வையுங்கள். அதற்கு மேலே இருப்பது ஒன்றே ஒன்று. கவனமாகப் படிக்கும் மாணவர்தான் இங்கே குழம்புவார். அவசரமாகப் படிப்பவர் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். "அ, இ மட்டும் சரி" என்ற வகை இன்னும் மோசம். விடைகள் இடம் மாறியதும் அந்த எழுத்துகள் வேறு எதையோ சுட்டும், விடைக்குறிப்பே தவறாகிவிடும்.

மூடுலில் ஒவ்வொரு கேள்விக்கும் விடைகளைக் கலைப்பதை நிறுத்தும் வசதி உண்டு. அவசரத்துக்கு அது போதும். நிரந்தரத் தீர்வு, கேள்வியை மாற்றி எழுதுவது. கூற்றுகளை 1, 2, 3 என்று எண்ணிட்டுக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விடைகள் "1, 3 மட்டும்", "1, 2, 3" என்று இருக்கட்டும். அப்போது எந்த வரிசையில் வந்தாலும் பொருள் மாறாது. கூற்று–காரணம் வகையில் நான்கு விடைகளுக்கும் மாணவர்களுக்குப் பழகிய ஒரு வரிசை உண்டு. அதைக் கலைக்காதீர்கள், அங்கே சோதிக்க வேண்டியது பாட அறிவை. எண்கள் மட்டுமே விடையாக வரும் கேள்விகளிலும் ஏறுவரிசை இருப்பதே வாசிக்க எளிது.

நான்கு விடைகள் கட்டாயமில்லாத இடத்தில் மூன்று வையுங்கள். மைக்கேல் ராட்ரிகஸ் 2005இல் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வந்தடைந்த முடிவு அதுதான். நான்காவதாக எழுதும் தவறான விடையைப் பெரும்பாலும் யாரும் தொடுவதே இல்லை. அதைத் தேடிச் செலவழிக்கும் நேரத்தில் இன்னொரு கேள்வி எழுதினால் குவியல் பெருகும்.

ஒரே தாளில் சேரக்கூடாதவை

ஒரு கேள்வி இன்னொன்றின் விடையைக் காட்டிக்கொடுப்பது உண்டு. "எச்டிடிபியில் 404 எதைக் குறிக்கும்?" என்பது ஒன்று. "கேட்ட பக்கம் சர்வரில் இல்லாததால் 404 வந்தால், முதலில் எதைச் சரிபார்ப்பீர்கள்?" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே தாளில் வந்த மாணவருக்கு ஒரு மதிப்பெண் இலவசம். தேர்வுத் துறையில் இவற்றை 'எனிமி ஐட்டம்ஸ்' என்பார்கள். பெரிய தேர்வு நிறுவனங்களின் மென்பொருளில் இந்த ஜோடிகளைக் குறித்துவைக்கத் தனி வசதி இருக்கும். மூடுலின் ரேண்டம் தேர்வு அதைப் பார்ப்பதில்லை. எளிய வழி ஒன்று உண்டு: அந்த இரண்டையும் ஒரே சிறு கேட்டகரியில் போட்டு, அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

இருமொழியில் தேர்வு நடத்தும் துறைகளில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. ஆங்கிலக் கேள்வியையும் அதன் தமிழ் வடிவத்தையும் இரண்டு தனிக் கேள்விகளாக ஏற்றிவிடுகிறார்கள். மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். ஒரே மாணவருக்கு இரண்டையும் தரும். இரண்டு மொழியும் ஒரே கேள்விக்குள், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பத்தியைப் படித்து விடையளிக்கும் மூன்று கேள்விகளையும் அப்படியே ஒரே கட்டாக வையுங்கள்.

எவ்வளவு பெரிய வங்கி போதும்?

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு எத்தனை கேள்விகள் பொதுவாக வரும்? எடுக்கும் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, குவியலின் அளவால் வகுத்தால் சராசரி கிடைக்கும். பத்தில் ஐந்து எடுத்தால் இரண்டரைக் கேள்வி பொது. இருபதில் ஐந்து எடுத்தால் ஒன்றேகால். நான்கு மடங்கு என்று சொன்னதன் பின்னணி இதுதான். அந்த ஒன்றேகாலும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு விடை வரிசையில் வருவதால் எட்டிப்பார்த்துப் பயனில்லை.

ஆனால் காலை பேட்ச், மதிய பேட்ச் என்று நடத்தினால் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. இருபதில் ஐந்து வீதம் காலையில் 30 பேர் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். குறிப்பிட்ட ஒரு கேள்வி அந்த முப்பது பேரில் ஒருவர் கண்ணிலும் படாமல் தப்புவதற்கான வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு. அதாவது சாப்பாட்டு இடைவேளைக்குள் மொத்தக் குவியலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். மதிய பேட்சுக்கு அதே கடினநிலையில் தனிக் குவியல் வேண்டும். அதற்குக் கேள்வி போதவில்லை என்றால், இரண்டு பேட்சையும் ஒரே நேரத்தில் இரண்டு லேபில் உட்கார வைப்பதே நேர்மையான வழி.

உலக அளவிலான தேர்வுகளே இதில் அடிபட்டிருக்கின்றன. ஜிஆர்இ தேர்வைக் கணினியில், மாணவரின் திறனுக்கேற்பக் கேள்வி மாறும் 'அடாப்டிவ்' முறையில், அதை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் 1993இல் தொடங்கியது. 1994 இறுதியில் கேப்லான் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களை அனுப்பித் தேர்வெழுத வைத்து, அவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளைத் தொகுத்து இ.டி.எஸ்.ஸிடமே கொண்டுபோய்க் காட்டியது. இ.டி.எஸ். தேர்வு நாட்களைத் தற்காலிகமாகக் குறைத்தது. கேப்லான் மீது வழக்கும் தொடுத்தது. நல்ல கேள்விகளையே மென்பொருள் திரும்பத் திரும்ப எடுத்ததுதான் சிக்கல். ஒரு கேள்வி இத்தனை விழுக்காட்டினருக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைக்கும் முறைகள் இன்று அடாப்டிவ் தேர்வுகளில் வழக்கம். உங்கள் வங்கிக்கும் ஒரு வரம்பு வையுங்கள்: ஒரு செமஸ்டரில் கேட்ட கேள்விக்கு அடுத்த செமஸ்டர் ஓய்வு.

சொந்த மென்பொருள், வெளியாள் மென்பொருள்

சில கல்லூரிகளில் மாணவர்கள் ப்ராஜெக்டாக எழுதிய மென்பொருளோ, உள்ளூர் நிறுவனம் செய்துகொடுத்ததோ ஓடுகிறது. அங்கே கலைக்கும் முறையையே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

சரியான முறை பழையது. ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் தங்கள் புள்ளியியல் அட்டவணை நூலில் தந்தது. 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி எழுதினார். கடைசிக் கேள்வியை, அதையும் சேர்த்து எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்றோடு இடம் மாற்று. பிறகு கடைசி இடத்தை விட்டுவிட்டு, மிஞ்சியவற்றில் அதையே செய். முதல் கேள்வி வரை. அவ்வளவுதான். "மிஞ்சியவற்றில்" என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் எல்லா இடங்களிலிருந்தும் தேர்ந்தெடுப்பதாக எழுதிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மூன்று கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறான முறையில் 27 வழிகள், வரிசைகளோ ஆறு. 27ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாது. மூன்று வரிசைகள் 27இல் ஐந்து முறையும், மற்ற மூன்று நான்கு முறையும் வரும். குலுக்கல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

இதைவிட மோசமான சாய்வை 2010இல் ஐரோப்பா பார்த்தது. ஐரோப்பிய ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் பயனர்களுக்குப் பிரவுசர் தேர்வுப் பக்கம் ஒன்றைக் காட்டியது. முன்னணிப் பிரவுசர்கள் ஐந்தும் அதில் சமவாய்ப்போடு இடம் மாறி வர வேண்டும். வரிசைப்படுத்தும் ஃபங்ஷனிடம் ஒப்பீட்டுக்குப் பதிலாக ரேண்டம் எண்ணைக் கொடுத்துக் கலைத்திருந்தார்கள். ராப் வெயர் என்ற மென்பொருளாளர் சோதித்தபோது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அதே எக்ஸ்ப்ளோரர் ஏறக்குறைய பாதி முறை கடைசி இடத்தில் வந்தது. வர வேண்டியது ஐந்தில் ஒருமுறை. மைக்ரோசாஃப்ட் பிறகு நிரலைத் திருத்தியது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே நடந்தது என்பதால், உங்கள் மென்பொருளையும் ஆயிரம் தாள் உருவாக்கச் சொல்லி, முதல் கேள்வி எந்தெந்த இடத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரைமணி நேர வேலை.

செய்துகொடுத்தவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: "ரேண்டம் எண்ணுக்கு சீட் எங்கிருந்து வருது?" குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்தான் சீட்; அது ஒன்றானால் வரிசையும் ஒன்றே. கடிகாரத்தின் நொடியிலிருந்து என்று பதில் வந்தால் உஷாராகுங்கள். லேபில் எல்லாரும் ஒரே நேரத்தில் 'ஸ்டார்ட்' அழுத்துவார்கள். ஒரே நொடியில் அழுத்திய அத்தனை பேருக்கும் ஒரே வரிசை வரும். மாணவரின் பதிவெண்ணும் அதில் கலந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தாளின் சீட்டும், இல்லாவிட்டால் முழு வரிசையும் சேமிக்கப்படவும் வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் மறுமதிப்பீடு கேட்டால் அதே தாளை எழுப்பிக் காட்ட வேறு வழியில்லை.

கணினி இல்லாமல் காகிதத்தில் நான்கு செட் அச்சடிப்பவர்களுக்கு எக்செல் போதும். பக்கத்து நெடுவரிசையில் ரேண்ட் ஃபங்ஷனைப் போட்டு, அதன்படி வரிசைப்படுத்துங்கள். கேள்வி நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால் விடைகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும். முழு வரியும் சேர்ந்து நகர வேண்டும். முடிந்ததும் அதை மதிப்புகளாக மட்டும் வேறொரு ஷீட்டில் ஒட்டிவிடுங்கள், அந்த ஃபங்ஷன் கணக்கிடும்போதெல்லாம் எண் மாறும். விடைக்குறிப்பையும் அந்த ஷீட்டிலிருந்தே எடுங்கள். கையால் தனியாக எழுதாதீர்கள்.

தேர்வு முடிந்த பிறகு

மூடுலின் புள்ளிவிவர அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள். எத்தனை விழுக்காட்டினர் சரியாக எழுதினார்கள் என்பதைக் காட்டும் ஃபெசிலிட்டி இன்டெக்ஸ் ஒன்று. நன்றாக எழுதியவர்கள் இந்தக் கேள்வியையும் சரியாக எழுதினார்களா என்பதைக் காட்டும் டிஸ்க்ரிமினேஷன் இன்டெக்ஸ் மற்றொன்று. இரண்டாவது எண் மைனஸில் இருந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். வகுப்பின் கெட்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தவறுகிறார்கள் என்றால் பெரும்பாலும் தவறு நம் பக்கம்தான். திருத்திவிட்டு 'ரீகிரேட்' கொடுத்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் சரியாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. இருபதில் ஐந்து என்று எடுக்கும்போது 60 பேர் வகுப்பில் ஒரு கேள்வியைச் சந்தித்தவர்கள் சராசரியாக 15 பேர்தான். அவர்களை வைத்து ஒரு கேள்வியை நீக்க முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று செமஸ்டர் எண்களைச் சேர்த்துப் பாருங்கள். நல்ல வங்கி உருவாக அவ்வளவு காலம் ஆகும், ஆகட்டும்.

இந்த வேலையை விருப்பத்தோடு செய்பவருக்கு வெளியேயும் மதிப்புண்டு. நம் ஊர் நர்ஸ்கள் அமெரிக்கா போக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு, ஆளைப் பொறுத்து 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம். அப்படிப்பட்ட தேர்வுகளுக்குப் பின்னால் கேள்வி எழுதுபவர்கள், சரிபார்ப்பவர்கள், சைக்கோமெட்ரிஷியன்கள் என்று ஒரு தனித் தொழிலே இருக்கிறது. ரெஸ்யூமில் "கொஸ்டின் பேங்க் இன்சார்ஜ்" என்று மட்டும் எழுதாமல், எத்தனை கேள்விகள், எந்தப் ப்ளூபிரிண்ட், எத்தனை கேள்விகளைப் புள்ளிவிவரம் பார்த்துத் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் உங்கள் மேசைக்கு ஒரு மாணவி வருவார். "மேடம், எனக்கு மட்டும் கஷ்டமான கொஸ்டினா வந்துச்சு" என்பார். "எல்லாருக்கும் ரேண்டமாதாம்மா வந்துச்சு" என்று அனுப்பிவிடாதீர்கள். அவருடைய தாளைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு கேள்வியையும் வகுப்பில் எத்தனை விழுக்காட்டினர் சரியாக எழுதினார்கள் என்று எடுத்து, சராசரி போடுங்கள். வகுப்பின் மற்ற தாள்களுக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிது என்றால் அந்த எண்களையே அவரிடம் காட்டலாம். பெரிது என்றால் அவருக்கும், அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் இன்னொரு முயற்சி கொடுங்கள். எந்தக் கட்டத்தின் குவியல் பிசகியது என்று கண்டுபிடித்து, அடுத்த இன்டர்னலுக்கு முன் அதைப் பிரித்துவிடுங்கள்.